பத்திரமான காதுகள்

விசைத்தறி வேலையில் சேர்ந்தபோதே செங்கோட்டுவேலின் காதுகளில் மின்சில்லு பொருத்திவிட்டார்கள். ஒரு நாளைக்குக் காது தாங்கும் இரைச்சலின் அளவு தீர்ந்ததும் அது காதை அடைத்துவிடும். மறுநாள் காலையில்தான் திறக்கும். தறிச் சத்தத்தில் மதியத்துக்குள் அடைத்துக்கொள்ளும். "காது பச்சைப்பிள்ளைக் காதாட்டம் இருக்குதுங்க," என்றார் சோதித்துப் பார்த்த டாக்டர்.

மகள் தாரிகா எழுமுன் வேலைக்குப் போய்விடுவான். மாலையில் அவள் உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்வான்.

அவள் பேசப் பழகியபின் இப்போதுதான் அவனுக்கு ஒருநாள் விடுமுறை கிடைத்தது. மூன்று வயது மகளை மடியில் இருத்தி, "கதை சொல்லு கண்ணு, அப்பாவுக்கு இன்னைக்குக் கேட்கும்," என்றான்.

கையை ஆட்டி ஆட்டி அவள் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"சத்தமாச் சொல்லு சாமி."

வாயை இன்னும் அகலமாகத் திறந்து அசைத்தாள். பிறகு மடியிலிருந்து இறங்கி அடுப்படிக்கு ஓடினாள்.

"அம்மா, அப்பாவுக்குக் கதை சொல்லிட்டேன்!"

அந்தக் கணீர்க் குரலை அவன் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டான்.