ஊளைச் சத்தம்

"ஏம்மா ரத்ரி, நீ பட்டப்பகல்ல ஊளையிடறதைக் கேட்டு, குந்திலனாக் பேய் புகுந்துடுச்சுன்னு மத்த பொண்ணுங்க அலறுதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ரூமைக் காலி பண்ணு!"

யோக்யகர்த்தா நகரப் பெண்கள் விடுதியின் சொந்தக்காரி வெனிங், ரத்ரியின் அறை வாசலில் நின்று கத்தினார்.

"பாட்டுதான் வெனிங் இபு. ஒரே வரியை இருபது தடவை தனித்தனியாப் பாடிப் பதிவு பண்ணி ஒண்ணாச் சேர்க்கணும்..."

"இதா பாட்டு? இதைக் கேளு!" தன் இயர்போனில் ஒன்றைக் கழற்றி ரத்ரியின் காதில் செருகினார். "முகத்தையே காட்டமாட்டா இந்தப் பொண்ணு. இவ குரலைக் கேட்டாத்தான் என் ரத்தக்கொதிப்பு அடங்குது. 'தேவதையே'ன்னு தினமும் கமெண்ட்ல எழுதறேன்."

செல்போன் திரையில் பாடலோடு ஒரு நீல ஓவியம் ஒளிர்ந்தது. ரத்ரி வரைந்த அதன் அசல், அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

வெனிங் பெருமூச்சு விட்டார்.

"ஹும்... இப்படி ஒருத்தி என் வீட்டுக்குக் குடிவரக் கூடாதா!"