டப்பாவில் விழும் மரக்கட்டை

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காது சோதிக்கும் அறையின் மெத்தை பதித்த சுவர்களுக்குள், மஞ்சள் வெளிச்சம் குளத்துத் தண்ணீர் போல அசையாமல் நிற்கிறது. நாங்கள் வாலு என்று கூப்பிடும் ஐந்து வயதுக்காரி, மொட்டைத் தலைக்குப் பெரிதான ஹெட்போனோடு, ஒரு மரக்கட்டையைக் கன்னத்தில் வைத்துக் காத்திருக்கிறாள். சத்தம் கேட்டால் கட்டையைத் தகர டப்பாவில் போட வேண்டும், அதுதான் விளையாட்டு. புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து காதையும் கொண்டுபோய்விடலாம். அதைத் தடுக்குமா என்று நாங்கள் சோதிக்கும் புது மருந்து இவளுக்கு ஏறுகிறதா, வெறும் உப்புத் தண்ணீரா என்பது எனக்கும் தெரியாது. கதவைச் சாத்துமுன், உள்ளே கூட இருக்கும் அவள் அம்மாவிடம் சொல்கிறேன்: “சுவரைப் பார்த்து உட்காருங்க. நான் பொத்தானை அமுக்குறது உங்க மூஞ்சியிலேயே தெரிஞ்சுடுது, அதைப் பார்த்தே போட்டுடுறா, கள்ளி.” “சரிம்மா, கல்லு மாதிரி இருக்கேன்.” இனி அம்மாவுக்குக் கட்டை விழும் ஓசை மட்டும்தான். டொக். கொஞ்சம் பொறுத்து, டொக். ஒவ்வொன்றுக்கும் அம்மாவின் தோள் சற்றே இறங்குகிறது. பிறகு நான் பொத்தானிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். சத்தமே அனுப்பாமல் காத்திருப்பதும் சோதனையில் சேர்த்தி. எதுவும் விழவில்லை. நான் சத்தம் அனுப்பவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியாதே. அவள் முதுகு விறைக்கிறது, பின்னல் நுனி நடுங்குகிறது. வாலு அந்த முதுகையே பார்க்கிறாள். என் பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைக்கிறாள். டொக். அம்மாவின் முதுகு சிரிக்கிறது. என் கை இன்னும் மடியில்தான் கிடக்கிறது.