பூரணியின் தூக்கம்

சரணாலயத்தில் கரடிகளைப் பார்த்துக்கொள்ளும் செங்கமலத்துக்குத் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. காலையிலிருந்து தீனி வாளியைத் தட்டிக்கொண்டிருந்தாள். குகைக்குள் பழுப்புக் கரடி பூரணி பனிக்காலத் தூக்கத்தில் கிடந்தது. தூங்குகிற கரடியை நேரலைக் கேமராவில் யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பவர்கள் அனுப்பும் பணம் குறைந்தால் சரணாலயத்துக்குத் தீனி வராது.

“இன்னுமா எழுப்பல, அக்கா?” என்றான் கேமராக்காரன் தங்கையா.

“உம் பொண்டாட்டிய இப்படி எழுப்புவியாடா?”

“அவ எழுந்தா நான் செத்தேன். தட்டுக்கா, மத்த கரடிங்க பட்டினி கெடக்கு.”

மறுபடி தட்டினாள். குட்டியாக இருந்தபோது பாலுக்கு அழைத்த அதே தட்டல். வேறு எதற்கும் பூரணி எழாது. தள்ளாடி வந்து வாளிக்குள் மூக்கை நுழைத்தது. வாளி காலி. அவள் கையை நக்கியது. நேரலைத் திரையில் பார்ப்பவர்களின் இதயக் குறிகள் கொட்டின.

“அடுத்த வருசம் தூங்க விட்டுடறேன்டி” என்றாள். போன வருடமும் இதையேதான் சொன்னாள்.

பூரணிக்கு அவள் தர வேண்டிய பாக்கி, இரண்டு பனிக்காலத் தூக்கம்.