நாலால் பெருக்கு

தன் நிழலையே நம்பாத மீன் கிடங்கு முதலாளி குளிர் அறைக்குள் மாட்டிக்கொண்டார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. பல் கிடுகிடுக்க இன்டர்காமை எடுத்தார்.

வெளியே மனைவியும் அவள் தம்பியும் நின்றார்கள்.

"பூட்டு நம்பரைச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

"உன் தம்பி பக்கத்துல நிக்கிறான். நாளைக்கே கிடங்கைத் துடைச்சு எடுத்துருவான்."

"அப்ப உள்ளேயே இருங்க அத்தான், மீனோட மீனா," என்றான் தம்பி.

விரல் நுனியெல்லாம் மரத்துப் போனது. கட்டினவளுக்கே சொல்லாத எண்ணை வேறு வழியில்லாமல் கக்கினார்.

"ஒண்ணு நாலு ரெண்டு எட்டு அஞ்சு ஏழு. திங்கள்னா அப்படியே போடணும். செவ்வாய்னா ரெண்டால பெருக்கணும். இன்னிக்கு வியாழன், நாலால பெருக்கு. சீக்கிரம்."

ஏதோ குசுகுசுப்பு மட்டும் கேட்டது. காலும் செத்துப்போச்சு, இனி நாமும்தான் என்று நடுங்கிக் கண்ணை மூடினார். அப்புறம்தான் கதவு திறந்தது.

"ஒரு பெருக்கலுக்கா இவ்வளவு நேரம்?"

"பெருக்க என்ன இருக்கு?" என்றாள் மனைவி. "உங்க நம்பரை ஆறு வரைக்கும் எதால பெருக்கினாலும் அதே ஆறு இலக்கம்தான் அதே வரிசையில சுத்தி வருது. திங்கள் ஒண்ணுல தொடங்கும், வியாழன் அஞ்சுல. நீங்க தட்டுறதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு எப்பவோ தெரியும். உங்க வாயால வருதான்னுதான் கேட்டேன்."

"பின்னே வெளியே நின்னு என்ன பண்ணினீங்க?"

அக்காளும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"திறக்கணுமான்னு பேசிக்கிட்டிருந்தோம்," என்றாள்.