சிற்றலையில் இரைச்சல்

எண்பத்தொன்றில் தீபாவளிக்கு வாங்கிய டிரான்சிஸ்டர். காத்தவராயன் சிற்றலை வைத்தாலே ஒரே இரைச்சல். பக்கத்து வீட்டு இராமதாஸின் டியூப் லைட்தான் காரணம் என்று முடிவு கட்டி, ஒரு சாயங்காலம் டிரான்சிஸ்டரோடு அவர் வாசலுக்கே போனான்.

"யோவ், லைட்ட அணைக்கிறியா இல்லியா?"

இராமதாஸ் பீஸ் கட்டையையே பிடுங்கி அவன் காலடியில் எறிந்தார். வீடு இருண்டது. இரைச்சல் நிற்கவில்லை.

"குடுறா இங்க" என்று டிரான்சிஸ்டரை வாங்கிக்கொண்டு தெருமுனைவரை நடந்தார். இலங்கை வானொலி கணீரென்று பாடியது. திரும்பி வர வர இரைச்சல் ஏறியது. காத்தவராயனின் நெஞ்சருகே பிடித்தபோது அலறியது.

"எல்லாம் உன்னாலதான்டா. இனிமே எங்க வாசப்படி ஏறாத."

அந்தக் கோபமெல்லாம் அன்றிரவு அவன் மனைவி ஜெயத்தின் முதுகில் இறங்கியது.

அதன்பிறகு ஜெயம் சமைக்கும்போது பாட்டு வைத்துக்கொண்டாள். இரைச்சல் தொடங்கினால் அவன் சைக்கிள் தெருமுனை திரும்பிவிட்டது என்று அர்த்தம். உடனே பிள்ளையை இராமதாஸ் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

ஒரு நாள் அவன் மேட்டுப்பாளையத்தில் வேலை முடிந்து சீக்கிரமே வந்துவிட்டான். முகம் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தான்.

"கொழம்பு நல்லாருக்கு ஜெயம்."

கல்யாணமானதிலிருந்து அவன் அப்படிச் சொன்னதில்லை. அவன் எதிரில் இருந்தும் பாட்டு தெளிவாக ஓடுவதை அப்போதுதான் கவனித்தாள். பிறகு, மெல்ல, இரைச்சல் தொடங்கியது.

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வந்துட்டான். கதவத் தாப்பா போடு."