எழுபத்தைந்து கிலோ மனிதன்

பேருந்து நிலையத்தின் வெயிலைக் கணக்கிடும் மென்பொருளுக்குள் ஒரு ஆள் நிற்கிறான். வயது முப்பத்தைந்து, எடை எழுபத்தைந்து கிலோ. எந்த ஊருக்குக் கூரை வரைந்தாலும் அவனுக்குச் சுகமாக இருந்தால் போதும், திரை முழுக்க நீலமாகிவிடும். அவனை நம்பித்தான் புதுக் கூரையை இரண்டு வாரத்துக்கு முன் எழுப்பினார்கள். இன்று மதியம், அந்தக் கூரையை வரைந்த அலுவலகத்தில் வேலை பார்க்கும் பொற்கொடி அவனை அழித்துவிட்டு, நிலையத்து வாசலில் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் தன் அம்மாவின் உடம்பை எழுதினாள். ஐம்பத்திரண்டு வயது, நாற்பது கிலோ, காலை பத்திலிருந்து தரையில் உட்கார்ந்திருப்பவள். கூரைத் தகடு பட்டுத் தெறிக்கவிட்ட வெயிலெல்லாம் வாசலில் குவிந்து, திரையில் அங்கே மட்டும் கருஞ்சிவப்பு ஏறியது.

“யாரைக் கேட்டும்மா ஆளை மாத்துன?” என்றார் மேலாளர் ஷ்யாம். “வாசல் நம்ம எல்லையிலயே வராது.”

“உங்க எல்லைக்கு வெளியதான் சார் எங்கம்மா பொழைக்குது.”

அவர் முன்னாலேயே அம்மாவுக்கு அழைத்து ஒலிபெருக்கியில் போட்டாள். “வெயில் எப்பிடிம்மா இருக்கு?”

“காலையில அனலா அடிச்சுது. இப்ப ஒண்ணும் தெரியல. வேர்வைகூட நின்னுபோச்சு, லேசா குளுருது.”

“பாத்தியா, கூரை வேலை செய்யுது” என்று சிரித்தார் ஷ்யாம்.

பொற்கொடி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “வேர்வை நின்னா ஆபத்து சார், வெயில் மூளைக்கு ஏறிடும்” என்றவள் போன் பக்கம் குனிந்தாள். “அம்மா, கூடையை விட்டுட்டு முதல்ல நிழலுக்குப் போ. பக்கத்துல யாராச்சும் இருந்தா போனைக் குடு.”

ஒலிபெருக்கியில் ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது.

“யாரு பேசறது?” என்றாள் அம்மா.