தனி வகுப்பு

"சொன்னாக் கேளு அஜய். உனக்கு இது வேண்டாம், விட்டுரு" என்றாள் ரஞ்சனி. பெற்ற தாய்கூட அவ்வளவு கனிவாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

அஜய் ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மேசையில் கிடந்த அவனுடைய டெஸ்ட் பேப்பரில் நூற்றுக்குப் பத்தொன்பது. பக்கத்திலேயே ரஞ்சனியின் பேப்பர், தொண்ணூற்றெட்டு.

"எங்கப்பா கொன்னுருவாரு ரஞ்சனி. ஃபர்தர் மேத்ஸ் இருந்தாத்தான் அந்த லண்டன் காலேஜ்ல எடுப்பாங்களாம்."

"உலகத்துல வேற காலேஜே இல்லையா? கண்ணாடியில உன் மூஞ்சியப் பாரு. தூங்கி எத்தனை நாளாச்சு?"

ஆகா, என்ன அக்கறை! அப்படித்தான் தோன்றும். அவனை அந்த வகுப்பிலிருந்து விரட்டத்தான் அவள் இத்தனை மாதமும் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

ஊட்டியில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளி அது. ப்ளஸ் டூவுக்குப் பதில் அங்கே ஏ லெவல். அதில் இருப்பதிலேயே கஷ்டமான கணக்குப் பாடம் ஃபர்தர் மேத்ஸ். எடுத்தவர்கள் இவர்கள் இரண்டே பேர். அஜயின் அப்பாவுக்கு ஊட்டியில் மட்டும் மூன்று ஹோட்டல். ரஞ்சனியின் அம்மா மருதாம்பாள் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள்.

வகுப்பு தொடங்குகிற வாரத்தில் ஸ்கூல் ஜீப் எஸ்டேட்டில் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கே வந்து நின்றது. பத்தாவதில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பெண் யார் என்று விசாரித்து, அன்றைக்கே கையோடு கூட்டிப் போனார்கள். படிப்பு, ஹாஸ்டல், யூனிபாரம், எதற்கும் பைசா தர வேண்டாம். மருதாம்பாளுக்குத் தலைகால் புரியவில்லை.

மாடியில் கடைசி அறை இவர்களுக்கு. போன வருடம் அது பிரெஞ்சு வகுப்பாக இருந்ததாம். படித்த இரண்டு பேரில் ஒருத்தி பெங்களூருக்குப் போய்விட, மறு வாரமே மற்றவளைப் பிசினஸ் வகுப்புக்கு மாற்றிவிட்டு அறையைக் காலி செய்துவிட்டார்களாம். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரம் நின்றது. ரஞ்சனிக்கு அந்த அறை பிடித்துப்போயிற்று.

அஜயைத்தான் பிடிக்கவில்லை. முதல் நாளே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டான். "ஏய் ஓசி, தள்ளி உட்காரு."

மெஸ்ஸில் அவள் இரண்டாவது தோசை கேட்டால், "ஓசிக்கு இன்னொண்ணு போடுங்கண்ணா" என்று அவன் கத்துவான். மெஸ்ஸே சிரிக்கும். எத்தனையோ நாள் தட்டை அப்படியே வைத்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதிருக்கிறாள். இவன் இருக்கிற வரைக்கும் தனக்குப் படிப்பு ஏறாது என்று முடிவு கட்டினாள்.

காம்ப்ளெக்ஸ் நம்பர் பாடம் வந்தது. அஜய் திணறினான். 'ஓசி' மறந்து அவள் பெயர் ஞாபகம் வந்தது. "ரஞ்சனி, ப்ளீஸ், கொஞ்சம் சொல்லிக் குடேன்."

பன்னிரண்டாம் அடுக்குக் கணக்கு அது. இரண்டே வரியில் விடை வரும் வழியைக் கணக்கு வாத்தியார் பிரைட்டன் சார் போர்டில் போட்டுக் காட்டியிருந்தார்.

"சார் போட்டது ஷார்ட்கட், உன்னைக் குழப்பிரும். நீ பன்னெண்டு தடவையும் பெருக்கியே போடு" என்றாள்.

பாவம், நம்பினான். மூன்று பக்கத்துக்குப் பெருக்குவான், நடுவில் எங்கேயோ ஒரு மைனஸ் காணாமல் போகும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். ஒவ்வொரு பாடத்துக்கும் இப்படி ஒரு சுற்றுவழியை அவனுக்காக அவள் வைத்திருந்தாள். அதன் பலன்தான் இந்தப் பத்தொன்பது.

"சரி, இன்னிக்கே போய்ச் சொல்லிடறேன்" என்று எழுந்தான் அஜய். "நீ மட்டும்தான் ரஞ்சனி என் நல்லதுக்குச் சொல்ற."

"வா, நானும் கூட வர்றேன்" என்று பிரின்சிபால் அறை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

சாயங்காலம் ஹாஸ்டல் போனில் அம்மாவைக் கூப்பிட்டாள். "ம்மா, அவன் போய்ட்டான்மா! இனி கிளாஸ்ல நான் மட்டுந்தான்!"

"என்னா புள்ள சொல்ற? ஒனக்குன்னே தனியா ஒரு வாத்தியாரா?" என்றாள் மருதாம்பாள். "தொரை ஊட்டுப் புள்ளைக்குக்கூட அப்பிடிக் கெடையாதே!" அன்றைக்கு லயம் முழுக்கக் கேசரி கொடுத்தாளாம்.

மறுநாள் காலை பிரின்சிபால் ஜானகி மேடம் கூப்பிட்டனுப்பினார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று ரஞ்சனி ரிப்பனை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடினாள். உள்ளே பிரைட்டன் சாரும் இருந்தார். அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"பெட்டியைக் கட்டிக்கோம்மா. மத்தியானம் ஜீப் உன்னை எஸ்டேட்ல கொண்டுபோய் விட்டுரும்" என்றார் மேடம். "ஃபர்தர் மேத்ஸ் வகுப்பை மூடிட்டோம்."

"நான் தொண்ணூத்தெட்டு எடுத்திருக்கேனுங்க மேடம்!"

"உன் மார்க்குல ஒரு குறையும் இல்லம்மா."

"அப்ப வேற பாடமாச்சும் குடுங்க. பிரெஞ்சு படிச்ச அக்காவுக்குக் குடுத்தீங்கல்லங்க?"

"அவங்க வீட்டுல ஃபீஸ் கட்டுனாங்க. உனக்கு இது வரைக்கும் கட்டுனது அஜயோட அப்பா. இனிமே கட்ட மாட்டாராம்."

"அவரு எதுக்குங்க எனக்குக் கட்டணும்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அவன் வகுப்பு நடக்கணும்னா இன்னொரு தலை வேணுமேம்மா."